பூட்ஸ் கயிற்றுக்கு என்ன சட்டம்?

பூட்ஸ் போட்டவன் கயிறு கட்டத்தான் வேண்டும். அதை நேராகக் கட்டினால் என்ன, ஏணி போலக் கட்டினால் என்ன, இரண்டு வர்ணக் கயிறு வாங்கிச் சதுரங்கக் கட்டம் போலப் பின்னினால்தான் என்ன? அவிழாமல் இருந்தால் போதாதா? போதாது என்பது பட்டாளத்தின் கட்சி. சீருடையில் கண்டிப்புக் காட்டும் பள்ளிக்கூடங்களின் கட்சியும் அதுவே. பிள்ளைகளோ கயிற்றில் கோலம் போட ஆசைப்படுகிறார்கள். இந்த வழக்கில் நியாயம் பெரும்பாலும் பிள்ளைகள் பக்கம்தான் இருக்கிறது.

வழிகளுக்குப் பஞ்சமில்லை. பக்கத்துக்கு 6 வீதம் 12 துவாரங்கள் உள்ள பூட்ஸை எடுத்துக்கொண்டால், எந்தத் துவாரம் முதலில், எது அடுத்து, உள்ளிருந்து வெளியே இழுப்பதா, வெளியிலிருந்து உள்ளே விடுவதா என்று பார்க்கும்போது 1,96,199 கோடிக்குச் சற்று அதிகமான வழிகள் கிடைக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை வெறும் சிக்கல். காலில் நிற்காது. ஆஸ்திரேலியாவில் மொனாஷ் பல்கலைக் கழகத்துக் கணித நிபுணர் பர்க்கார்ட் போல்ஸ்டர் உருப்படியானவற்றை மட்டும் பிரித்தெடுத்துக் கணக்குப் போட்டு, 2002-ம் ஆண்டில் 'நேச்சர்' விஞ்ஞானப் பத்திரிகையில் முடிவை வெளியிட்டார். இறுக்கிப் பிடிப்பதில் முதலிடம் பெற்றவை இரண்டு: வழக்கமான குறுக்குப் பின்னலும், படிக்கட்டுபோல் தெரியும் நேர்ப் பின்னலும். கணக்குத் தெரியாத செம்மான்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்ததையே கணிதமும் சரியென்று சொல்லிற்று!

பட்டாளத்துக்காரர் நேர்ப் பின்னலை விரும்புவதற்கு ஒரு காரணம் சொல்லப்படுகிறது. காலில் அடிபட்டவனின் பூட்ஸைக் கழற்ற நேரமில்லாதபோது, குறுக்கே ஓடும் கயிறுகளின் கீழ்க் கத்தியை விட்டு ஒரே வீச்சில் அறுத்துவிடலாம். அங்கே விதிக்கு ஓர் அர்த்தம் இருக்கிறது. வகுப்பறையில் அந்த அர்த்தம் இல்லை.

கயிறு சில சமயம் அடையாளக் கொடியாகவும் மாறியதுண்டு. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் மொட்டையடித்த வாலிபக் கும்பல்களில் இனவெறி பிடித்தவர்கள் கனத்த பூட்ஸில் வெள்ளை அல்லது சிவப்புக் கயிறு கட்டித் தங்கள் கட்சியைக் காட்டினார்கள். நியூயார்க்கில் 1980-களில் வாலிபர்கள் அகலமான வர்ணக் கயிறுகளை மாட்டிக்கொண்டு திரிந்தார்கள். 'ரன் டி.எம்.சி.' பாட்டுக் குழுவினரோ கயிறே இல்லாத பூட்ஸுடன் மேடை ஏறினார்கள். ஒரு தெருவில் பகையாகப் படும் வர்ணம் அடுத்த ஊரில் வெறும் வர்ணம். ஆகவே பையனின் கயிற்றைப் பார்த்த மாத்திரத்தில் அவன் குணத்தைத் தீர்மானிப்பது அவசரம்.

இத்தனை நேரம் அழகைப் பற்றிய பேச்சு. காலைப் பற்றி யார் கேட்கிறார்கள்? பாதத்தின் மேற்புறம் தோலுக்குச் சற்றுக் கீழேயே நரம்பும் ரத்தக் குழாயும் ஓடுகின்றன. மேடான பாதம் உள்ளவனுக்குக் குறுக்குப் பின்னலை இறுக்கினால், மேட்டின் மேல் கயிறு அழுந்தி வலிக்கும்; விரல்கள் மரத்துப்போவதும் உண்டு. பூட்ஸ் சின்னது என்று எண்ணிப் பெற்றோர் புதிது வாங்கப் போவார்கள். வலிக்கிற இடத்தில் மட்டும் குறுக்கே போகாமல், கயிற்றைப் பக்கவாட்டில் மேல் துவாரத்துக்கு ஏற்றி ஒரு ஜன்னல் விட்டுப் பின்னினால், அநேகமாகப் பழைய பூட்ஸே போதும். அலங்காரம் என்று ஒதுக்கப்படும் பின்னல் இங்கே மருந்தாகிறது. நீரிழிவினால் பாதம் மரத்துப் போனவர்களுக்கோ இன்னும் கவனம் தேவை. கயிறு அழுத்துவதை அவர்கள் கால் எடுத்துச் சொல்லாது.

ஏணிப் பின்னலுக்கு ஒரு குறை உண்டு. ஒவ்வொரு படியிலும் கயிறு பூட்டிக்கொள்வதால் தளர்த்துவது கஷ்டம். அவசரக்காரப் பையன் அவிழ்க்காமலே காலை உருவுவான். குதிகால் பக்கம் நசுங்கிப் பூட்ஸ் பாழாகும். தடை போட வேண்டுமானால் இதற்குப் போடலாம். தரையைத் தொடும் நீளக் கயிற்றுக்கும் போடலாம். நகரும் படிக்கட்டில் அது சிக்கினால் விபரீதம்.

உண்மையில் விழவைப்பது பின்னல் அல்ல, முடிச்சுதான். கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக் கழகத்தார் 2017-ல் ஓடுகிறவரின் பூட்ஸைப் படமெடுத்துப் பார்த்தார்கள். கால் தரையில் மோதும் விசை புவியீர்ப்பைப்போல் 7 மடங்கு. அந்த அதிர்ச்சியில் முடிச்சு நெகிழ்கிறது. வீசி ஆடும் கயிற்று நுனிகள் அதை இழுத்து அவிழ்க்கின்றன. நெடுநேரம் தாங்கும் முடிச்சு, சில நொடிகளில் மொத்தமாக அவிழ்ந்துவிடுகிறது.

சரியான முடிச்சை அடையாளம் காண்பது எளிது. கட்டி முடித்ததும் இரண்டு காதுகளும் பூட்ஸின் குறுக்கே, இடமும் வலமுமாகக் கிடந்தால் சரி. ஒன்று விரல் பக்கமும் மற்றொன்று கணுக்கால் பக்கமுமாகத் திரும்பி நின்றால், அது அவிழும் முடிச்சு. முதல் சுற்றை மட்டும் திசை மாற்றிப் போட்டால் சரியாகிவிடும். இதைச் சொல்லிக் கொடுக்க டிரில் வகுப்பில் ஐந்து நிமிஷம் போதும்.