மைக் யார் கையில்?

பில் ஒயிட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் 1989இல் தொடங்குவார்கள். அமெரிக்க பேஸ்பாலின் நேஷனல் லீக்குக்குத் தலைவரான முதல் கறுப்பினத்தவர் அவர். எனக்கு அதைவிட 1971 முக்கியமாகப் படுகிறது. நியூயார்க் யாங்கீஸ் அணியின் ஆட்டங்களுக்கு நேரடி வர்ணனையாளராக அவர் மைக்கைப் பிடித்த ஆண்டு அது. ஒரு பெரிய லீக் அணிக்கு நிரந்தர வர்ணனையாளராக அதுவரை ஒரு கறுப்பினத்தவரும் இருந்ததில்லை.

களத்தில் ஓடுவதற்கு உடல் போதும் என்றே வெள்ளை முதலாளிகள் நினைத்தார்கள். நடந்தது என்ன என்று சொல்வது அப்படியல்ல. அதற்குச் சொல் வேண்டும், தீர்ப்பு வேண்டும், அதைக் கேட்பவர்கள் நம்பவும் வேண்டும். 18 பருவங்கள் யாங்கீஸ் ரசிகர்கள் ஆட்டத்தை ஒயிட்டின் குரல் வழியாகவும் பார்த்தார்கள். 1978 அக்டோபரில், பாஸ்டனில் பக்கி டெண்ட் அடித்த ஹோம் ரன்னைத் தொலைக்காட்சியில் சொன்னவரும் அவர்தான்.

இதெல்லாம் யாரோ பெருந்தன்மையாகக் கொடுத்தது அல்ல. 1953இல் டான்வில் அணிக்காகத் தெற்கு மாநில ஊர்களில் ஆடியபோது, பார்வையாளர்களின் வசவைத் தினமும் கேட்டவர் அவர். 1961இல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் வீரராக ஃபுளோரிடாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பயிற்சியில் இருந்தார். ஊர் வணிகர் சங்கம் வீரர்களுக்குக் காலை விருந்து வைத்தது. இன்னும் பெயரெடுக்காத வெள்ளைப் பையன்களுக்கும் அழைப்பு உண்டு, ஒயிட்டுக்கு இல்லை. கறுப்பின வீரர்களுக்குத் தங்குமிடமும் தனி. அவர் பத்திரிகையாளரிடம் போட்டு உடைத்தார். செய்தி நாடெங்கும் போனது. அணியின் உரிமையாளர் பீர் நிறுவனம். கறுப்பின மக்கள் அந்த பீரைப் புறக்கணிக்கலாம் என்ற பேச்சு எழுந்ததும் நிர்வாகத்துக்கு உறைத்தது. பிறகு எல்லா வீரர்களும் குடும்பத்தோடு ஒரே இடத்தில் தங்கினார்கள். சம்பளத்தை அணியிடம் வாங்கிக்கொண்டே இதைச் செய்தார் என்பதை மறக்க வேண்டாம்.

இனி 1989. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன், டாட்ஜர்ஸ் அணியின் உயர் நிர்வாகி அல் கம்பானிஸ், அணியை நிர்வகிக்கத் தேவையானவை கறுப்பினத்தவரிடம் இல்லாமல் இருக்கலாம் என்று தொலைக்காட்சியில் சொன்னார். அன்று பெரிய லீக் அணி ஒன்றில்கூடக் கறுப்பின மேலாளர் கிடையாது. இத்தனைக்கும் இவர் 1946இல் ஜாக்கி ராபின்சனோடு ஒரே அணியில் ஆடியவர்! கூடப் பழகினால் ஆதிக்க மனம் தானாகக் கரைந்துவிடும் என்பவர்கள் இதைக் கவனிக்கலாம். ‘தகுதி’ எனும் வாதம் எங்கிருந்து வருகிறது என்று இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கம்பானிஸ் அந்த வாரமே பதவியிழந்தார். ஆனால் அவர் சொன்னது ஒருவரின் வாய்த்தவறு அல்ல, பேஸ்பாலின் நடைமுறை. கண்டனம் வலுத்தபின் அணி உரிமையாளர்களுக்கு உயரத்தில் ஒரு கறுப்பு முகம் தேவைப்பட்டது. ஒயிட்டின் தகுதியில் ஐயமில்லை, அந்த அழைப்பின் நேரம்தான் நமக்குப் பாடம். 1994 வரை தலைவராக இருந்தார். முக்கிய முடிவுகளோ உரிமையாளர்கள் கையில். 1999இல் அந்தப் பதவியையே ஒழித்துவிட்டார்கள்.

2011இல் வந்த தன்வரலாற்றுக்கு அவர் ‘அப்பிட்டி’ என்று பெயர் வைத்தார். தன் ‘இடம்’ தெரியாத கறுப்பினத்தவரை வெள்ளையர்கள் திட்டும் சொல் அது. நம் ஊரில் ‘திமிர் பிடித்தவன்’ என்பார்கள்.