துணைநடிகன் என்னும் பிழைச்சொல்

நாடக வரலாறு எழுதுவோர் இருவரை மறப்பதில்லை. ஒருவர் ஆசிரியர், மற்றவர் தலைமை நடிகர். இவ்விருவருக்கும் இடையே நின்று அரங்கைத் தாங்கும் குணசித்திர நடிகனோ ‘துணைநடிகன்’ என்ற சொல்லுள் அடக்கப்பட்டுப் பெயர்ப்பட்டியலின் இறுதிக்குத் தள்ளப்படுகின்றான். இது வெறும் கவனக்குறைவன்று. நடிப்புக்கலை பற்றிய பிழையான கொள்கையின் விளைவாகும்.

டி. எஸ். பாலையாவின் கலைவாழ்வு இதற்குத் தக்க சான்று. 1914இல் பிறந்து, நாடகக் குழுக்களிலே பயின்று, 1936இல் ‘சதிலீலாவதி’ வாயிலாகத் திரைக்கு வந்த அவர், 1972இல் மறையும்வரை பெரும்பாலும் தலைவனாக நடித்தவரல்லர். ஆயினும் ‘வேலைக்காரி’யில் (1949) அவரேற்ற மணியின் சூழ்ச்சித்திறனின்றிக் கதைத்தலைவன் ஆனந்தன் ஓரடியும் நகரான். ‘திருவிளையாடல்’ (1965) படத்தில் ஏமநாத பாகவதரின் செருக்கு மலையென உயர்ந்தமையாலன்றோ விறகுவெட்டியின் பாட்டு அதனைச் சரிக்கும்போது அவை சிலிர்க்கின்றது? ‘காதலிக்க நேரமில்லை’ (1964) படத்தில் நாகேஷ் கதை சொல்கின்றார், பாலையா கேட்கின்றார். அக்காட்சியின் நகைச்சுவை சொல்பவனிடத்து மாத்திரமன்றிக் கேட்பவனின் முகத்திலும் பிறக்கின்றது. இவற்றைத் ‘துணை’ என்பது எவ்வாறு பொருந்தும்?

பிறநாட்டார் இவ்வுண்மையை முன்னரே உணர்ந்தனர். பாலையா திரைக்கு வந்த 1936ஆம் ஆண்டின் படங்களுக்கே அமெரிக்காவின் ஒஸ்கார் பரிசுகளுள் இத்தகைய நடிப்புக்கெனத் தனிப்பரிசு முதன்முதல் வழங்கப்பட்டது. பெர்னாட் சோவின் நாடகங்களில் நடித்து இலண்டன் மேடையிலே வளர்ந்த எட்மண்ட் குவென் 1947ஆம் ஆண்டுப் படமொன்றுக்காக அதனைப் பெற்றார். இந்திய தேசியத் திரைப்பட விருதுகளிலோ அத்தகைய பரிசு 1984ஆம் ஆண்டுப் படங்கள் தொட்டே உண்டு. பாலையா மறைந்து அப்போது பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்திருந்தன.

சந்தை தலைவனின் முகத்துக்கே விலை தருகின்றது என்பர் சிலர். உண்மைதான். ஆனால் சந்தையின் அளவுகோலைப் பல்கலைக்கழகமும் கடன்வாங்க வேண்டுமா?

தமிழ் மரபு அவ்வாறு கற்பிக்கவில்லை. நாவிதன்வெளி தொடங்கிக் காரைதீவு வரையுள்ள கல்முனைப் புறத்து ஊர்களுக்கு உரிய மட்டக்களப்புக் கூத்துமரபை நோக்குக. சட்டங்கொடுக்கும் நாளில் அண்ணாவியார் அரசனுக்கும் கட்டியகாரனுக்கும் தத்தமக்குரிய பாகத்தை வழங்குகின்றார். களரியில் ஒவ்வொருவருக்கும் தனித்தனி வரவு உண்டு. கட்டியகாரன் வந்து அறிவித்த பின்னரே அரசன் கொலுவுக்கு வருகின்றான். அக்காரைதீவிலே பிறந்த விபுலாநந்த அடிகள் 1926இல் ‘மதங்கசூளாமணி’ வழியாகச் சேக்சுபியரின் நாடகங்களைத் தமிழர் முன் வைத்தார். அரசனுக்கருகே விதூடகனும் நிலைபெறும் நாடகங்கள் அவை.

அத்தகைய மண்ணிலிருந்து வரும் மாணவர், தம்மூரில் கட்டியகாரனாகவும் தூதனாகவும் ஆடி முதிர்ந்தவரின் பெயரையேனும் ஆய்வேட்டிற் பதிந்தனரா? தலைவர்களின் புகழைப் பாதுகாக்கச் சுவரொட்டிகள் போதும். இவர்களது ஆட்டமும் தாளமும் நினைவிலன்றி வேறெங்கும் எழுதப்படவில்லை. அந்நினைவுக்குரியோர் ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருக்கின்றனர். பட்டியலின் இறுதிப்பெயரிலிருந்து வரலாற்றைத் தொடங்குவதே இன்றைய தமிழாய்வின் கடன்.