உள்ளபடி விற்றாலும் எழுதி விற்பதே நல்லது

பழைய டிராக்டர் டிரெய்லர்கள் பெரும்பாலும் களத்து மேட்டிலும் டீக்கடையிலும் பேசித்தான் விற்கப்படுகின்றன. "இருக்கிறது இருக்கிறபடி எடுத்துக்கொள்ளுங்கள், பிறகு என்னிடம் வந்து குறை சொல்லக் கூடாது" என்பார் விற்பவர். வாங்குபவர் தலையசைப்பார். பணம் கை மாறும், வண்டி கிளம்பிவிடும். ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்காது.

இது மாட்டுச் சந்தைப் பழக்கம். மாட்டின் பல்லைப் பார்க்கலாம், நடக்கவிட்டுப் பார்க்கலாம், துண்டுக்குள் விரல் பிடித்து விலையை முடிக்கலாம். ஆனால் மாட்டுக்கு ஆர்.சி. புத்தகம் கிடையாது. டிரெய்லருக்கு உண்டு. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனமே.

விற்பவருக்கு உள்ள ஆபத்து

பணத்தை வாங்கியதோடு பொறுப்பு தீர்ந்தது என்று விற்பவர் நினைப்பது தவறு. பெயர் மாற்றாத வாகனத்தால் விபத்து நேர்ந்தால், பதிவேட்டில் யார் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளர், நஷ்டஈட்டுப் பொறுப்பும் அவருடையதே என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் கார் பல கை மாறியிருந்தும் பதிவேட்டில் இருந்தவர் தப்ப முடியவில்லை. கரும்பு ஏற்றிய டிரெய்லர் இரவில் யார் மீதாவது மோதினால், என்றோ அதை விற்ற சிறு விவசாயியின் நிலத்துக்கே ஆபத்து வரலாம்.

ஆகவே 29, 30-ஆம் எண் படிவங்களில் கையெழுத்திடாமல் வண்டியை அனுப்பக் கூடாது. ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாட்களுக்குள்ளும் வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வங்கிக் கடன் ஆர்.சி.யில் இருந்தால், கடன் தீர்ந்ததற்கான 35-ஆம் எண் படிவமும் தேவை.

வாங்குபவருக்கு உள்ள ஆபத்து

பழைய பொருளைப் பார்த்து வாங்குவது வாங்குபவர் பொறுப்பு என்பதே 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் பொது விதி. "உள்ளபடி" என்று ஒப்புக்கொண்டவர் பிறகு டயர் தேய்ந்திருக்கிறது என்று சண்டைக்குப் போக முடியாது. ஆனால் விற்பவர் ஆக்சில் விரிசலைத் தெரிந்தே பற்றவைத்து, மேலே பெயின்ட் அடித்து மறைத்திருந்தால் அது மோசடி. "உள்ளபடி" என்ற சொல் அவரைக் காப்பாற்றாது. ஆனால் மறைத்தார் என்று நிரூபிக்க, என்ன சொல்லி விற்றார் என்பதற்குச் சான்று வேண்டுமே!

எழுத வேண்டியவை

ஒரு பக்கம் போதும். இருவரின் பெயர், முகவரி. பதிவு எண், சேஸிஸ் எண். விலை எண்ணிலும் எழுத்திலும். பணம் கொடுத்த விதம். வண்டியை ஒப்படைத்த தேதியோடு நேரத்தையும் எழுத வேண்டும். அன்று மாலையே விபத்து நடந்தால் வண்டி யார் கையில் இருந்தது என்பதற்கு அதுவே சான்று. ஆனால் இந்தக் காகிதம் பெயர் மாற்றத்துக்கு ஈடாகாது.

முக்கியமானது குறைகளின் பட்டியல். "உள்ளபடி" என்று மட்டும் எழுதினால் எந்த நிலை என்று யாருக்குத் தெரியும்? வாங்குபவர் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிச் சுற்றி பேரிங் ஆட்டத்தைப் பார்க்க வேண்டும். முன்கொக்கியின் வெல்டிங்கைச் சுரண்டிப் பார்க்க வேண்டும். பிறகு "இடது டயர் வழுக்கை, ஹைட்ராலிக் ஜாக்கியில் எண்ணெய்க் கசிவு, பின்விளக்கு இல்லை" என்று ஒவ்வொன்றாக எழுதி, "இவற்றைப் பார்த்து, இந்த நிலையில் சம்மதித்து வாங்குகிறேன்" என்று முடிக்கலாம். இருவரும் இரண்டு சாட்சிகளும் கையெழுத்திட்டு, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ள வேண்டும்.

"பங்காளிக்குள் எழுத்து எதற்கு, நம்பிக்கை இல்லையா?" என்று கேட்பவர்கள் உண்டு. குறையை வெளிப்படையாக எழுதித் தருபவரைவிட நம்பத்தக்கவர் யார்? விலை சற்றுக் குறையலாம். ஆனால் பகை வராது. எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் இப்படி ஒரு படிவத்தை எளிய தமிழில் அச்சிட்டு வைத்தால், விவசாயிகளுக்குப் பெரிய உதவியாக இருக்கும். அதுவரை ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் போதும்.