தி க்யூர்: 16 வருடம் கழித்து...

பழைய இசைக்குழு புது ஆல்பம் போடுகிறது என்றாலே எனக்குப் பயம்தான். ஒன்று, பழைய ஹிட்டையே திருப்பி வாசிப்பார்கள். இல்லை, இளசுகளோடு போட்டி போடுவார்கள். தி க்யூர் இரண்டையும் செய்யவில்லை.

1979-இல் முதல் ஆல்பம் போட்ட இங்கிலாந்தின் போஸ்ட்-பங்க் குழு. 2008-க்கு அப்புறம் புது ஆல்பமே இல்லை. 2024 நவம்பரில் வந்தது 'சாங்ஸ் ஆஃப் எ லாஸ்ட் வேர்ல்ட்'. எட்டே பாட்டு. முதல் பாட்டில் ராபர்ட் ஸ்மித் வாய் திறக்கவே மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகிறது!

1989-இல் 'டிஸின்டக்ரேஷன்' வந்தபோது அவருக்கு 30 வயது. அப்போதே வயதாகிறதே என்று கலங்கியவர். அந்தச் சோகத்தில் கொஞ்சம் பாவனையும் இருந்தது என்பேன். இதில் அது இல்லை. 65 வயதில், நிஜமாகவே இழந்தபின் பாடுகிறார். அண்ணன் இறந்ததைப் பற்றிய பாட்டில் அரற்றல் கிடையாது. திரும்பத் திரும்ப வரும் சின்ன பியானோ மெட்டு, அவ்வளவுதான். சாவுச் செய்தியைப் போனில் கேட்டு, ஊருக்குப் போக டிக்கெட்டுக்கு அலைந்தவர்களுக்கு அது இன்னும் ஆழமாக இறங்கும்.

பிரிட்டனில் முதலிடம், 1992-இன் 'விஷ்'ஷுக்குப் பிறகு முதல் தடவை. என்னைக் கேட்டால், சொல்ல விஷயம் சேரும்வரை காத்திருந்ததற்குக் கிடைத்த பலன். வேலையெல்லாம் முடிந்த ஒரு ராத்திரியில், முழுசாகக் கேட்டுப் பாருங்கள்.