பொத்தானை அழுத்தினால் வயது வந்துவிடுமா?

"நீங்கள் 21 வயதைப் பூர்த்தி செய்தவரா?" அமெரிக்காவில் இணையத்தின் ஊடாக வேப் எனப்படும் இலத்திரனியல் சிகரெட் விற்கும் சிறு கடைகள் பலவற்றில் முதலில் கேட்கப்படுவது இந்தக் கேள்விதான். 'ஆம்' என்ற பொத்தானை அழுத்தினால் கடை திறக்கும். 15 வயதுப் பையன் அழுத்தினாலும் திறக்கும்.

நம்மூர்ப் பெட்டிக்கடையில் இதற்கு ஈடான வாசகம் ஒன்று இருந்தது. "அப்பா வாங்கிவரச் சொன்னார்." அதைச் சொன்னால் சுருட்டும் கிடைக்கும், சிகரெட்டும் கிடைக்கும். ஆனாலும் கடைக்காரருக்கு அப்பாவையும் தெரியும், பிள்ளையையும் தெரியும். சந்தேகம் வந்தால் மாலையில் அப்பாவிடமே கேட்டுவிடுவார். இணையக் கடைக்காரருக்கு இருவரையும் தெரியாது.

அமெரிக்காவில் புகையிலைப் பொருட்களையும் வேப்பையும் வாங்குவதற்கான குறைந்தபட்ச வயது 2019 டிசம்பரில் 21 ஆக உயர்த்தப்பட்டது. அதே ஆண்டில் நடத்தப்பட்ட தேசிய ஆய்வில், அந்நாட்டு உயர்தரப் பாடசாலை மாணவரில் 27.5 வீதத்தினர் வேப் பாவிப்பதாகத் தெரியவந்திருந்தது. நான்கில் ஒருவருக்கும் அதிகம். இதன் பின்னர் 2020 டிசம்பரில், சிகரெட்டைத் தொலைவிலிருந்து விற்பதற்கான கட்டுப்பாடுகள் வேப்புக்கும் விரிவுபடுத்தப்பட்டன.

அந்தச் சட்டம் இரண்டு இடங்களில் வயதைக் கேட்கிறது. பொருளை விற்குமுன், வாங்குபவரின் முழுப் பெயர், பிறந்த திகதி, முகவரி ஆகியவற்றைப் பெற்று, கடைக்காரரின் கட்டுப்பாட்டில் இல்லாத ஒரு தரவுத்தளத்துடன் ஒப்பிட வேண்டும். பின்னர், பொதியைக் கையளிக்கும்போது வயது வந்த ஒருவர் அடையாள அட்டையைக் காட்டிக் கையொப்பமிட வேண்டும். இவற்றில் முதலாவது பார்வைக்குக் கடுமையானது, பயனோ குறைவு. இரண்டாவதுதான் உண்மையான சோதனை என்பது என் கருத்து.

ஏன் என்பதை விளக்க எங்கள் தேசிய அடையாள அட்டையையே எடுத்துக்கொள்ளலாம். பழைய அட்டை இலக்கத்தின் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டைக் குறிக்கும். அடுத்த மூன்றும் அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பதைச் சொல்லும். பெண்களாயின் அதனுடன் 500 கூட்டப்பட்டிருக்கும். ஆக, இலக்கத்தைப் பார்த்தே ஒருவரின் வயதைக் கணித்துவிடலாம். எவ்வளவு வசதி! ஆனால் ஒரு மாணவன் தன் தகப்பனாரின் இலக்கத்தைக் கொடுத்தால் கணினி என்ன செய்யும்? தகப்பனாரின் வயதைச் சரியாகக் கணித்து மகனுக்கு அனுமதி வழங்கும். நிரூபிக்கப்பட்டது இலக்கத்தின் வயதே தவிர, விசைப்பலகையின் முன் இருப்பவரின் வயதல்ல. அமெரிக்கத் தரவுத்தளத்தின் கதையும் இதுதான். அப்பாவின் பெயரும் பிறந்த திகதியும் வீட்டு முகவரியும் எந்தப் பிள்ளைக்குத் தெரியாது?

சிறு வியாபாரிகளின் முறைப்பாட்டையும் கேட்கத்தான் வேண்டும். 2021இல் பெரிய கூரியர் நிறுவனங்கள் இரண்டு இந்தப் பொருளைக் கைவிட்டன. அதே ஆண்டு ஒக்டோபரில் அமெரிக்க அஞ்சல் சேவையும், சில விதிவிலக்குகள் நீங்கலாக, கதவை அடைத்தது. மாநிலந்தோறும் பதிவு, மாதந்தோறும் வாங்கியோரின் பெயர் முகவரியுடன் அறிக்கை. சட்டத்தரணிகளைச் சம்பளத்துக்கு வைத்திருக்கும் பெருங்கம்பனிக்கு இது ஒரு மேசை வேலை. இருவர் நடத்தும் கடைக்கு இதுவே முழுநேர வேலை. நேர்மையானவன் படிவம் நிரப்பிக்கொண்டிருக்க, மற்றவன் பொதியின் மேல் வேறு பெயரை எழுதி அனுப்பிவிடுகிறான். ஆகவே சுமையைக் குறைக்கச் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் வாசலில் நடக்கும் சோதனையை நீக்கச் சொல்வதை ஏற்க முடியாது.

என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. சட்டத்துக்குப் பயந்த சிறு கடைக்காரர் சிலர், எதற்கும் இருக்கட்டும் என்று அடையாள அட்டையின் படத்தையே கேட்டு வாங்குகிறார்கள். அந்தப் படங்கள் எங்கே கிடக்கின்றன? 2025 ஒக்டோபரில் டிஸ்கோர்ட் என்ற பெரிய உரையாடல் தளமே, தனக்காக வெளியார் நிறுவனமொன்று கையாண்ட சுமார் 70,000 பாவனையாளர்களின் அடையாள ஆவணப் படங்கள் வெளியே போயிருக்கலாம் என்று அறிவித்தது. வயதை உறுதிப்படுத்தக் கொடுத்த படங்களும் அவற்றுள் அடக்கம். பெரிய தளத்தின் நிலை இதுவென்றால், வரவேற்பறை மேசையில் ஒற்றைக் கணினியுடன் நடக்கும் கடையின் நிலையை வாசகர்களே ஊகிக்கலாம். அங்கே சிக்கப்போவது சட்டப்படி நடந்த வயது வந்தவரின் ஆவணம். அப்பாவின் பெயரில் வாங்கிய பையனின் படம் அங்கே இருக்கப்போவதில்லை.

கடைக்குத் தேவை 'ஆம்' அல்லது 'இல்லை' என்ற ஒரு சொல் மட்டுமே. பிறந்த திகதி தேவையில்லை, படமும் தேவையில்லை. வயதைச் சரிபார்க்கும் நிறுவனம் அந்தச் சொல்லை மட்டும் கடைக்கு அனுப்பட்டும். கடை ஆவணங்களைச் சேமிப்பதைச் சட்டமே தடைசெய்யட்டும். அட்டையில் உள்ள முகத்தையும் எதிரே நிற்கும் முகத்தையும் ஒப்பிடும் வேலை பொதியைக் கொண்டுவருபவருடையது. முகம் பொருந்தாவிட்டால் பொதி திரும்பிப்போக வேண்டும். திருப்பி அனுப்பும் செலவை யார் ஏற்பது என்பதைக் கடைக்காரரும் கூரியர் நிறுவனமும் முன்கூட்டியே ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளட்டும்; அந்தச் செலவு கூரியர் ஊழியரின் சம்பளத்தில் கழிக்கப்படுமானால், அவர் எந்த முகத்தையும் நிமிர்ந்து பார்க்கமாட்டார்.