கரையைத் தொடாத எரிவாயு

மொசாம்பிக்கின் வடகோடி மாகாணம் காபோ டெல்காடோ. அதன் கரையிலிருந்து ஏறத்தாழ 50 கி.மீ. தொலைவில், 432 மீட்டர் நீளமுள்ள மிதக்கும் ஆலை ஒன்று நங்கூரமிட்டு நிற்கிறது. பெயர் கோரல் சுல். தெற்குப் பவளம் என்று பொருள். அங்கே கடலின் ஆழம் சுமார் 2000 மீட்டர். கடலடியிலுள்ள ஆறு கிணறுகளிலிருந்து குழாய்வழி மேலேறும் எரிவாயு, ஆலையிலேயே தூய்மையாக்கப்பட்டு, பூஜ்யத்துக்குக் கீழே 162 பாகை செல்சியஸ் வரை குளிர்ந்து, கன அளவில் அறுநூற்றில் ஒரு பங்காகச் சுருங்கித் திரவமாகிறது. ஆண்டுக்கு 34 லட்சம் டன் திரவமாக்கும் திறன் அதற்கு உண்டு. முதல் கப்பல் 2022 நவம்பரில் புறப்பட்டது.

இந்தப் பொறியியலை வியக்காமல் இருக்க முடியாது. ஆயினும் ஏற்றுமதியாகும் அந்த வாயு மொசாம்பிக்கின் மண்ணைத் தொடுவதே இல்லை. ஆலை கட்டப்பட்டது தென்கொரியாவில். விளைவது முழுவதையும் இருபது ஆண்டுகளுக்கு வாங்க ஒப்பந்தமிட்டது பிரிட்டனின் பி.பி. நிறுவனம்.

வன்முறைக்கு அஞ்சி ஆலையைக் கடலில் மிதக்கவிட்டார்கள் என்று சொல்வது பிழை. முதலீட்டு முடிவு 2017 ஜூனில் எடுக்கப்பட்டது. ஆயுதக் கிளர்ச்சி அவ்வாண்டு அக்டோபரில்தான் தொடங்கியது. ஆனால் பாடம் பின்னர் கிடைத்தது. 2021 மார்ச்சில் பால்மா நகர் தாக்கப்பட்டதும், அதனருகே கரையில் டோட்டல் எனர்ஜீஸ் எழுப்பிவந்த ஆலையின் பணி நின்றது. அந்நிறுவனம் தடையை விலக்கியது 2025 நவம்பரில். கிளர்ச்சி தொடங்கியதிலிருந்து மாகாணத்தில் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் வீடிழந்தார்கள். மிதக்கும் ஆலையோ இயங்கியபடியே இருந்தது. 2025 அக்டோபரில் அதே போன்ற இரண்டாவது ஆலைக்கும் முடிவெடுக்கப்பட்டது.

கரையில் எழும் ஆலை நிலத்தைப் பறிக்கிறது, உண்மை. ஆனால் அதற்குச் சாலை வேண்டும், ஆள் வேண்டும், அண்டை ஊரின் இசைவு வேண்டும். மிதக்கும் ஆலைக்கு அண்டை ஊரே இல்லை. நார்வேயின் எண்ணெயும் கடலில்தானே என்று கேட்கலாம். அங்கே அரசு 1972-இலேயே சொந்த நிறுவனம் கண்டது. எண்ணெய்த் தளங்கள் கட்டும் வேலையைத் தன் துறைமுகங்களுக்குக் கொண்டுவந்தது.

மொசாம்பிக்குக்கு மிஞ்சுவது பணம் மட்டுமே. முதல் பதினைந்து ஆண்டுகளுக்கு வருவாயில் 40 விழுக்காடு சேமநிதிக்கு, 60 விழுக்காடு அரசின் வரவுசெலவுக்கு என்று சட்டம் இயற்றியிருக்கிறார்கள். நல்லது. அந்தக் கணக்கு தலைநகர் மபூட்டோவின் போர்த்துகீசிய ஆவணங்களோடு நின்றுவிடக் கூடாது. காபோ டெல்காடோவின் மக்குவா, மக்கொண்டே, முவானி மொழிகளில், எவ்வளவு வந்தது, தம் மாவட்டத்தில் எங்கே செலவாயிற்று என்று அம்மக்கள் கேட்டறிய வேண்டும். குறைந்தபட்சம் இதையாவது செய்யாமல் அடுத்த ஆலையை மிதக்கவிடுவது நியாயமல்ல.