தடுக்காதீர்கள், சோதியுங்கள்

எட்டு சிலிண்டர் எஞ்சின் என்றாலே பணக்காரர் வீட்டுக் கார் என்றிருந்த காலம் அது. 1932-ல் ஃபோர்டு நிறுவனம் வி-8 எஞ்சினின் உடலை ஒரே வார்ப்பாக வார்த்தெடுத்து, 500 டாலருக்கும் குறைவான விலையுள்ள காரில் பொருத்தி விற்றது. 65 குதிரைசக்தி கொண்ட அந்த எஞ்சினை வாங்க, பொருளாதார மந்தத்தில் தவித்த அமெரிக்காவிலும் ஆள் இருந்தார்கள். சில ஆண்டுகளில் இந்தக் கார்கள் பழைய வண்டிச் சந்தைக்கும் காயலான் கடைக்கும் வந்து சேர்ந்தன. தெற்குக் கலிஃபோர்னியாவின் இளைஞர்கள் அவற்றைச் சில்லறைக் காசுக்கு வாங்கினார்கள். மட்கார்டைக் கழற்றி எறிந்தார்கள், எஞ்சினைக் குடைந்து பெரிதாக்கினார்கள், மொஹாவி பாலைவனத்தின் வறண்ட ஏரிப் படுகைகளில் முடுக்கிப் பார்த்தார்கள். ‘ஹாட் ராட்’ என்ற வகை இப்படித்தான் உருவானது.

ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆகப்போகிறது. பழைய கூப்பே (இரண்டு கதவுக் கார்) ஒன்றை வாங்கிவந்து வீட்டுக் கராஜில் வருடக்கணக்கில் அறுத்து, ஒட்டி, பூட்டும் பழக்கம் அமெரிக்காவில் இன்னும் உயிரோடு இருக்கிறது. இதைப் பொழுதுபோகாதவர்களின் விளையாட்டு என்று ஒதுக்குவோர் உண்டு. சாலைக்கு ஆபத்து, அடியோடு தடை செய்யவேண்டும் என்போரும் உண்டு. இரு தரப்பாரும் பார்ப்பது வண்டியின் மேற்பாதியை மட்டும்தான்.

மேற்பாதியில் கண்ணைப் பறிப்பது கூரை. ஹாட் ராட் கட்டுகிறவர் கூரைத் தூண்களில் மூன்று, நான்கு அங்குலத்தை அறுத்து எடுத்துவிட்டுக் கூரையைத் தாழ்த்துவார். கேட்க எளிது. ஆனால் தூண்கள் செங்குத்தாக நிற்பதில்லை. முன்தூண் பின்னோக்கிச் சாயும், பின்பக்கத் தகடு முன்னோக்கி வளையும். நடுவில் ஒரு துண்டை எடுத்தவுடன் மேல்முனையும் கீழ்முனையும் ஒன்றோடொன்று பொருந்தாது. 1932 கூப்பேயில் இந்தச் சாய்வு குறைவு, கண்ணாடியும் தட்டையானது என்பதால் வெட்டிப் பொருத்தலாம். பிற்கால மாடல்களில் கூரையையே குறுக்கே அறுத்து நீட்டவேண்டியிருக்கும். 1932 கூரையின் நடுப்பகுதி இரும்பே அல்ல, மரச்சட்டத்தின் மேல் இழுத்துக் கட்டிய துணி. அந்த இடத்துக்குத் தகடு அடித்து மூடுவது தனி வேலை.

அதற்குப் பிறகு வெல்டிங். மெல்லிய தகட்டில் ஒரே மூச்சாக வெல்டிங் ஓட்டினால் சூட்டில் தகடு நெளிந்துபோகும். அதனால் இங்கொரு புள்ளி, அரையடி தள்ளி இன்னொரு புள்ளி என்று வைத்து, ஆறவிட்டு, மீண்டும் வரவேண்டும். பொறுமை இல்லாதவர் நெளிந்த தகட்டின் மேல் அரை அங்குலத்துக்குப் பட்டி பூசி மறைப்பார். இரண்டு கோடை தாண்டுவதற்குள் அது வெடித்துக் காட்டிக்கொடுத்துவிடும். நம் ஊர் டிங்கரிங் பட்டறைக்காரர் எவருக்கும் இது தெரியும்.

உயிர் காக்கும் வேலையெல்லாம் கீழ்ப்பாதியில் நடக்கிறது. 1932 ஃபோர்டின் சேஸிஸ், ‘ப’ வடிவில் மடித்த இரும்பு நீளங்களால் ஆனது. 65 குதிரைசக்திக்கு அது போதும். அதே சேஸிஸில் 300 குதிரைசக்தி தரும் ஷெவர்லே வி-8 எஞ்சினை இறக்கினால் முறுக்கிக்கொள்ளும். ஆகவே திறந்த பக்கத்தில் தகடு வைத்து வெல்டிங் செய்து அதைப் பெட்டி வடிவமாக்குகிறார்கள், குறுக்குச் சட்டங்களைக் கூட்டுகிறார்கள்.

பிரேக் இன்னும் பெரிய கதை. அந்தக் காலத்து ஃபோர்டில் பிரேக் மிதியிலிருந்து சக்கரம் வரை இரும்புத் தண்டுகள்தான். ஹைட்ராலிக் பிரேக்குக்கு ஃபோர்டு மாறியது 1939 மாடலில். வீட்டில் கட்டுகிறவர் டிஸ்க் பிரேக் வைக்க நினைத்தால், பிரேக் ஆயிலை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டருக்கு இடம் தேடவேண்டும். பெரும்பாலும் அது ஓட்டுநர் காலடியில், தரைத் தகட்டுக்குக் கீழே போய் உட்காரும். அப்போது சக்கரத்தில் இருக்கும் காலிப்பரை விட மாஸ்டர் சிலிண்டர் தாழ்ந்துவிடுவதால், பிரேக் ஆயில் பின்னோக்கி வடிந்துவிடும். முதல் மிதி வெறுமனே இறங்கும். இதைத் தடுக்க, சதுர அங்குலத்துக்கு 2 பவுண்டு அழுத்தத்தைக் குழாயில் தேக்கிவைக்கும் சின்ன வால்வு ஒன்று வேண்டும். கண்காட்சியில் கூட்டம் அதைப் பார்ப்பதே இல்லை. அது இல்லாத வண்டி சிக்னலில் நிற்காமல் போகக்கூடும்.

ஆக, ஹாட் ராட் ஆபத்தானதா என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. சரியாகக் கட்டியது, தவறாகக் கட்டியது என்று இரண்டு வகை உண்டு. இரண்டையும் பிரித்தறிய ஒருவர் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்கவேண்டும். பார்ப்பதற்கு ஆள் போடுவதா, பார்க்காமலே தடுப்பதா என்பதுதான் விவாதம்.

அமெரிக்கா இந்த விவாதத்தை முன்பே நடத்தியிருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய ஆண்டுகளில் தெருவில் பந்தயம் ஓட்டும் இளைஞர்கள் என்றாலே போலீசாருக்கும் பத்திரிகைகளுக்கும் எரிச்சல். அதற்கு விடை அந்த இளைஞர்களிடமிருந்தே வந்தது. போருக்கு முன்பே, 1937-ல் பல கிளப்புகள் கூடி அமைத்த தெற்குக் கலிஃபோர்னியா நேரக்கணிப்புச் சங்கம், ஏரிப் படுகை ஓட்டங்களுக்கு விதி வகுத்தது. அதன் முன்னணியில் இருந்த வாலி பார்க்ஸ் 1951-ல் தேசிய ஹாட் ராட் சங்கத்தைத் தொடங்கினார். அவர் அனுப்பிய சிறு குழு 1954-ல் ஒரு ஸ்டேஷன் வேகனில் டிரெய்லரை இழுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனது. பந்தயத்தைத் தெருவிலிருந்து தனிப் பாதைக்கு எப்படிக் கொண்டுபோவது, ஓடவிடும் முன் வண்டியை எப்படிச் சோதிப்பது என்று உள்ளூர்க்காரர்களுக்கும் போலீசாருக்கும் செய்து காட்டியது.

அந்தத் தலைமுறையின் கராஜ் வேலை தொழிலாகவும் வளர்ந்தது. விக் எடல்ப்ராக் தன் 1932 ஃபோர்டுக்காக வடிவமைத்த இன்டேக் மேனிஃபோல்டு, பின்னர் ஒரு பெரும் நிறுவனத்துக்கு வித்தாயிற்று. எட் இஸ்கெண்டேரியன் கேம்ஷாஃப்ட் கடைந்து பெயர் பெற்றார். பியர்சன் சகோதரர்களின் 1934 கூப்பே, தாழ்த்திய கூரையோடு மணிக்கு 150 மைலைத் தாண்டியது. கூப்பேக்கள் பந்தயத்துக்கு லாயக்கில்லை என்று ஒதுக்கிவைத்திருந்த காலத்தில் அது நடந்தது.

பழைமையை அழிக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு வேறு. அதில் நியாயம் உண்டு. அசல் நிலையில் மிச்சமிருக்கும் 1932 கூப்பே ஒன்றில் இன்று ரம்பம் வைப்பது தேவையற்ற வேலை. 1932 ஃபோர்டுக்குப் புதிய இரும்பு உடலையே அச்சடித்து விற்கும் நிறுவனங்கள் அமெரிக்காவில் இருக்கின்றன. வெட்ட ஆசைப்படுகிறவர் அதை வெட்டட்டும், அல்லது துருவேறி யாருக்கும் உதவாமல் கிடப்பதை எடுக்கட்டும். ஆனால் 1940-களில் வெட்டிய வண்டிகளே இன்று வரலாற்றுப் பொருளாகிவிட்டன என்பதையும் மறக்கக்கூடாது. அசல் மாறாத கார்களுக்கே மாலை போட்டுவந்த பெபிள் பீச் கண்காட்சி 1997-ல் ஹாட் ராடுக்கென்று தனிப் பிரிவு திறந்தது. டோன் ஸ்பென்சர் கட்டிய 1932 ஃபோர்டு முதல் பரிசை வென்றது.

சட்டம் என்ன செய்யலாம் என்பதற்குக் கலிஃபோர்னியா ஒரு நல்ல மாதிரி. புகை விதிகளில் அமெரிக்காவிலேயே கறாரான மாநிலம் அது. அங்கேயே, வீட்டில் கட்டிய வண்டிகளில் ஆண்டுக்கு 500-க்கு மட்டும் சலுகை உண்டு. வண்டியின் உடல் அல்லது எஞ்சின் எந்த ஆண்டைச் சேர்ந்தது போல் இருக்கிறதோ, அந்த ஆண்டுக்குரிய புகை விதியே பொருந்தும். ஆனால் பிரேக்குக்கும் விளக்குகளுக்கும் சான்று வாங்காமல் பதிவு கிடையாது. பிரிட்டன் பல ஆண்டுகள் ஒரு புள்ளி முறையைக் கடைப்பிடித்தது. அசல் சேஸிஸ் இருந்தால் ஐந்து புள்ளி, அசல் ஸ்டீயரிங்குக்கு இரண்டு, அசல் எஞ்சினுக்கு ஒன்றே ஒன்று. எட்டுப் புள்ளி தேறாத வண்டி தனிச் சோதனையில் தேறவேண்டும், அடையாளமாக ‘கியூ’ எழுத்துப் பதிவெண் வாங்கவேண்டும். கூட்டம் வியக்கும் எஞ்சினுக்கு ஒரு புள்ளி, கண்ணில் படாத சேஸிஸுக்கு ஐந்து. அந்தப் பட்டியலைப் போட்டவர் வண்டிக்கு அடியில் படுத்தவராகத்தான் இருக்கவேண்டும்.

இந்தியாவில் நிலைமை நேர்மாறு. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. கேரளத்திலிருந்து வந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. மீறும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். சாலையில் காதைக் கிழிக்கும் சைலன்சரையும் கண்ணைக் கூசவைக்கும் விளக்கையும் பார்த்தவர்கள் இந்தக் கண்டிப்பைக் குறை சொல்லமாட்டார்கள். ஆனால் அந்தச் சைலன்சரை மாட்டியவரையும், சேஸிஸை ஓராண்டு அளந்து பெட்டியாக்கியவரையும் சட்டம் ஒரே குற்றவாளியாகத்தான் பார்க்கிறது. 2021-ல் வந்த விண்டேஜ் வாகன விதியும் 50 ஆண்டு தாண்டிய, அசல் மாறாத வண்டிக்குத்தான் தனிப் பதிவெண் தருகிறது.

விதியில் ஒரு சிறு வாசல் திறக்கலாம். ஆண்டுக்கு இத்தனை வண்டி என்று ஒரு வரம்பு, வாடகைக்கோ அன்றாட ஓட்டத்துக்கோ பயன்படுத்தக்கூடாது என்ற நிபந்தனை, தனி நிறப் பதிவெண் பலகை. சேஸிஸ் வெல்டிங், பிரேக், ஸ்டீயரிங், எரிபொருள் குழாய் ஆகியவற்றை உடலைப் பூட்டும் முன் ஒரு முறையும் பூட்டிய பின் ஒரு முறையும் சோதிக்கவேண்டும். சென்னையை அடுத்த ஒரகடத்திலும் புணேயிலும் மத்திய அரசு சார்ந்த வாகனச் சோதனை மையங்கள் ஏற்கெனவே உள்ளன. கட்டணத்தை வண்டிக்காரரே கட்டட்டும். சோதனையில் தேறாத வண்டிக்கு இன்றைய 52-வது பிரிவு அப்படியே பொருந்தட்டும்.